பொருள் ஒருவருக்கு, கழிவு மற்றொருவருக்கா?

நாம் கடையில் வாங்கும் ஒரு மின்மோட்டாரின் மீது ஒரே ஒரு நிறுவனத்தின் பெயர்தான் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால், அதன் உறையை வார்த்தவர் ஒருவராகவும், அச்சைக் கடைந்தவர் இன்னொருவராகவும், திருகாணிகளுக்குத் துத்தநாக முலாம் பூசியவரும் உறைக்கு வண்ணப் பூச்சு ஏற்றியவரும் வேறு இருவராகவும் இருப்பது இன்று இயல்பு. பெயருக்குரிய நிறுவனம் வடிவமைக்கிறது, இணைக்கிறது, சோதிக்கிறது, விற்கிறது. நடுவில் உள்ள வேலைகளில் பல வெளியே நடக்கின்றன. பொறியியல் தொழிலில் இதற்கு 'ஜாப் ஒர்க்' என்று பெயர்.

இந்த வெளிவேலைகளுள் பூச்சு வேலை மற்றவற்றிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. கடைசல் பட்டறையில் மிஞ்சுவது இரும்புச் சுருள். எடைக்குப் போட்டால் காசு கிடைக்கும். முலாம் பட்டறையில் மிஞ்சுவது அமிலமும் கன உலோகங்களும் கலந்த கழிவுநீர். அதை அகற்றுவதற்குக் காசு கொடுக்க வேண்டும். பூச்சு வேலையை வெளியே கொடுக்கும் நிறுவனம், வேலையோடு இந்தச் செலவையும் சேர்த்தே வெளியே அனுப்பிவிடுகிறது. வேலை வெளியே போவதில் தவறில்லை. பொறுப்பும் அதனுடன் வெளியேறிவிடுவதுதான் தவறு என்பது என் கருத்து.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருப்பது தமிழ்நாடு. வாகனங்கள், மின்னணுப் பொருள்கள், காற்றாலை உறுப்புகள் என்று புதிய முதலீடுகள் வருகின்றன. ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் அரங்குகளில் பெரிய ஆலைகளைப் பற்றிய அறிவிப்புகள் வருகின்றன. அவற்றுக்கு உதிரிபாகம் பூசித் தரப்போகும் சிறு பட்டறைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மறுபுறம், வாங்கும் நாடுகளின் கேள்விகள் ஆலை வாசலோடு நிற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி 1 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரும்புத் திருகாணிகளும் அதில் அடங்கும். உற்பத்திச் சங்கிலியின் கீழ்ப்படிகளில் என்ன நடக்கிறது என்று கேட்கும் காலம் தொடங்கிவிட்டது.

முதலில், வெளியே கொடுப்பதற்குரிய நியாயத்தைப் பார்ப்போம். ஒரு வேலையை நிறுவனம் தானே செய்துகொள்வதா, சந்தையில் வாங்குவதா என்ற கேள்வியை 1937இல் எழுதிய கட்டுரையில் ரொனால்ட் கோஸ் எழுப்பினார். வெளியே வாங்குவதற்கான பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், கண்காணிப்பு ஆகியவற்றின் செலவு, உள்ளேயே செய்வதற்கான நிர்வாகச் செலவைவிடக் குறைவாக இருந்தால் வேலை வெளியே போகும் என்பது அவர் சொன்ன விடையின் சாரம். 1951இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் இன்னொன்றைச் சொன்னார். சந்தை விரிவடையும்போது, அளவு கூடக் கூடச் செலவு குறையும் தன்மையுள்ள வேலைகள் தனித் தொழில்களாகப் பிரிந்து போகும் என்றார்.

பூச்சு வேலைக்கு இவ்விரண்டும் அப்படியே பொருந்துகின்றன. பூச்சு என்றால் வண்ணம் அடிப்பது மட்டுமன்று. எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் தொட்டி, துருவை அரிக்கும் அமிலத் தொட்டி, பாஸ்பேட் தொட்டி, ஒவ்வொன்றுக்கும் இடையே அலசும் தொட்டிகள், பிறகு உலர்த்தும் அறை, அதன் பிறகே பூச்சு. பவுடர் கோட்டிங்காக இருந்தால், 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அடுப்பில் வைத்து இறுகச் செய்ய வேண்டும். வாகன உறுப்புகளுக்கு மின்னூட்டத்தால் வண்ணம் ஏற்றும் தொட்டிகளில், உறுப்பு வந்தாலும் வராவிட்டாலும் கரைசலை இரவு பகலாகக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் வண்ணம் அடியில் படிந்துவிடும். ஒரு நாளைக்கு ஓரிரு மணி நேர வேலை மட்டுமே உள்ள நிறுவனம் இத்தனையையும் வைத்துக்கொள்வது வீண். பத்து நிறுவனங்களின் வேலையை ஒரே பட்டறை வாங்கிச் செய்தால் எல்லோருக்கும் செலவு குறையும்.

இம்முறையால் சமூகத்துக்கு விளைந்த நன்மையையும் மறுக்க இயலாது. 1958இல் கிண்டியிலும் 1960களில் அம்பத்தூரிலும் உருவான தொழிற்பேட்டைகள், கோவையின் நீரேற்றித் தொழில், ஒசூரின் வாகன உறுப்புத் தொழில் ஆகியவை வளர்ந்ததில் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குப் பெரும் பங்குண்டு. பரம்பரைச் சொத்தோ, பெரும் மூலதனமோ இல்லாத ஒரு தொழிலாளி, கைத்திறனை நம்பி முதலாளியாக உயர்ந்த வழி இது. என்னிடம் படித்த மாணவர்கள் சிலரின் குடும்பங்களே இப்படி எழுந்தவை. ஆகவே, எல்லாவற்றையும் மீண்டும் ஆலைக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் வாதிட வரவில்லை.

ஆனால், கோஸின் கணக்கில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. வெளியே வாங்கும் விலையில் அந்த வேலையின் முழுச் செலவும் அடங்கியிருக்க வேண்டும். அடங்காவிட்டால், வெளியே கொடுப்பது மலிவாகத் தோன்றுவது திறமையால் அன்று. செலவின் ஒரு பகுதியை வேறு யாரோ சுமப்பதால்தான். பூச்சு வேலையில் அப்படிச் சுமத்தப்படும் சுமைகள் மூன்று: தரத்தின் சுமை, காலத்தின் சுமை, கழிவின் சுமை.

தரத்தை எடுத்துக்கொள்வோம். திருகாணியின் மீதுள்ள துத்தநாகப் படலம் பொதுவாக 5 முதல் 12 மைக்ரான் தடிமன் கொண்டது. தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு. அதன் தடிமனைக் கருவி கொண்டு அளந்துவிடலாம். ஆனால், அதற்கு முன்னர் உறுப்பை ஒழுங்காகக் கழுவினார்களா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உயர் வலிமை எஃகுத் திருகாணிகளை அமிலத்தில் தோய்த்து முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உலோகத்தை நொறுங்கும் தன்மை உடையதாக்கும். அதை வெளியேற்ற, பூசிய சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் சூடேற்ற வேண்டும். இப்படிச் சூடேற்றிய திருகாணியும் சூடேற்றாத திருகாணியும் பார்வைக்கு ஒன்றுபோலவே மின்னும். பின்னது, முறுக்கிப் பொருத்திய பிறகு ஒருநாள் எச்சரிக்கையின்றி முறியும்.

வாங்குபவரால் பார்த்தறிய முடியாத தரத்துக்குச் சந்தை சரியான விலை தராது என்பதை 1970இல் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கினார். முலாம் சந்தைக்கும் அது பொருந்தும். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று கூலியை மட்டுமே ஒப்பிட்டு வேலை கொடுத்தால், பட்டறைக்காரர் எங்கே குறைப்பார்? தெரிகிற இடத்தில் குறைக்க முடியாது. தெரியாத இடத்தில்தான் குறைப்பார். அலசும் நீரில், சூடேற்றும் மின்சாரத்தில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் கைவைப்பார். அவர் நேர்மையற்றவர் என்பதால் அன்று. நேர்மையாகக் கணக்குப் போட்டு விலை சொன்னவருக்கு வேலை கிடைக்கவில்லை என்பதை அவர் பார்த்திருக்கிறார் என்பதால்.

அடுத்தது காலத்தின் சுமை. ஒரு பட்டறை மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 45 நாளில் பணம் வந்தால், வெளியே நிற்கும் தொகை 15 லட்சம். 90 நாளில் வந்தால் 30 லட்சம். கூடுதலாக முடங்கும் 15 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றால், ஆண்டுக்கு 1.80 லட்சம். பட்டறையின் இலாபம் விற்றுமுதலில் 5 சதவீதம் என்றால், ஆண்டு இலாபமே 6 லட்சம்தான். அதில் முப்பது சதவீதம் வட்டியாகக் கரைந்துவிடுகிறது. இது என் எடுத்துக்காட்டுக் கணக்குதான். ஆனால், தொழில் நடத்துவோர் யாரிடம் காட்டினாலும் இதை மிகை என்று சொல்லமாட்டார்கள். பெரிய நிறுவனத்துக்குச் சிறிய பட்டறை வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது என்பதே இதன் பொருள்.

சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி, எழுத்துவழி ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டியை மாதக் கூட்டுவட்டியாகத் தர வேண்டும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவைச் சேர்த்து, உரிய காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது என்று ஆக்கியது. ஆனால், முறையீட்டு மன்றத்தில் வழக்குத் தொடுத்து வட்டி வாங்கும் பட்டறைக்கு மறுமாதம் வேலை வராது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதைக் கேட்கும் துணிவு வேலை கொடுப்பவரின் தயவில் இருக்கிறது.

மூன்றாவது, கழிவின் சுமை. மூன்றிலும் இதுவே கொடியது. ஏனெனில், முதல் இரண்டும் தொழிலுக்குள் முடிகின்றன, இது ஊரின் கிணறு வரை போகிறது. முலாம் வேலையில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியத்தின் சேர்மங்களைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிப்பட்ட முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. நீர்நிலையில் விடும் கழிவுநீரில் அதன் அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்த அளவுக்குக் கொண்டுவர, குரோமியத்தை வேதிமுறையில் மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றி, சுண்ணாம்பு போன்றவற்றால் வீழ்படிவாக்கி, வடிகட்டி, எஞ்சும் சேற்றை அபாயக் கழிவாகக் கருதி அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இதற்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும், இரசாயனம் வேண்டும், லாரி வாடகை வேண்டும். இவை எதுவும் திருகாணியின் பளபளப்பில் ஒரு துளியும் கூட்டுவதில்லை.

இந்த இடத்தில்தான் நம் சட்டங்களிடையே உள்ள ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். மத்திய சரக்கு-சேவை வரிச் சட்டத்தின் 143ஆவது பிரிவின்படி, வேலை கொடுக்கும் நிறுவனம் வரி செலுத்தாமலேயே தன் பொருளைப் பட்டறைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் திரும்பப் பெற வேண்டும். பட்டறையில் இருக்கும் காலம் முழுவதும் பொருளின் உரிமை அனுப்பிய நிறுவனத்துக்கே உரியது. கணக்கு வைக்கும் பொறுப்பும் அதனுடையதே. பட்டறையில் மிஞ்சும் உலோகக் கழிவை, பட்டறை வரிப்பதிவு பெறாததாக இருந்தால், அனுப்பிய நிறுவனமே தன் விற்பனையாகக் காட்ட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது, காசாகும் கழிவு யாருடையது என்பதில் சட்டத்துக்குக் குழப்பமில்லை.

காசைத் தின்னும் கழிவுக்கு வேறு சட்டம். அபாயகரமான கழிவுகள் மேலாண்மை விதிகள், 2016, கழிவு உருவாகும் இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரையே பொறுப்பாளியாக்குகின்றன. அவர் பட்டறைக்காரர். பொருள் என்னுடையது, பூசச் சொன்னது நான், எத்தனை மைக்ரான் என்று விதித்தது நான், பூசிய பின் விற்று இலாபம் பெறுவதும் நான். ஆனால், பூசும்போது உண்டான நஞ்சு மட்டும் உன்னுடையது என்று சொல்லும் ஏற்பாடு இது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பழமொழி இங்கே சட்டமாகவே இருக்கிறது.

இதன் விளைவு என்ன என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. பூச்சு வேலைக்கு நெருங்கிய உறவுடைய திருப்பூர்ச் சாயத் தொழிலை நினைத்துப் பாருங்கள். அங்கும் துணி ஏற்றுமதியாளருடையது. சாயம் ஏற்றுவது கூலி வேலை. நொய்யல் பாசன விவசாயிகளின் நெடிய போராட்டத்தின் பின், மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை 2009இல் உச்சநீதிமன்றம் அங்கே உறுதிசெய்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. தீர்ப்பு நியாயமானது. ஆனால், மாசுபடுத்துபவர் என்று சட்டம் கண்டது சாயப்பட்டறையை மட்டுமே. எந்த நிறத்துக்கு, எந்தக் கூலிக்குச் சாயமேற்ற வேண்டும் என்று முடிவுசெய்தவர்கள், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும், வழக்கின் கட்டுக்கு வெளியே இருந்தார்கள். வேலையிழந்தவர்கள் தொழிலாளர்கள், நிலமிழந்தவர்கள் விவசாயிகள்.

பொறுப்பைச் சிறியவரிடம் மட்டும் வைப்பதில் பொருளியல் அடிப்படையிலேயே ஒரு கோளாறு உண்டு. ஸ்டீவன் ஷவெல் 1986இல் அதை விளக்கினார். ஒருவர் உண்டாக்கக்கூடிய தீங்கின் அளவு அவருடைய மொத்தச் சொத்தைவிடப் பெரியதாக இருந்தால், தண்டனை அவரை முழுமையாக அச்சுறுத்தாது. இழப்பதற்கு அவரிடம் அவ்வளவு இல்லை. வாடகைக் கொட்டகையில் நான்கைந்து தொட்டிகளுடன் நடக்கும் பட்டறை ஒரு நிலத்தடி நீரோட்டத்தையே கெடுத்துவிட முடியும். நீதிமன்றம் எவ்வளவு தண்டம் விதித்தாலும், அந்தப் பட்டறையை விற்றால் கிடைப்பது நீரைச் சுத்தம் செய்யும் செலவில் ஒரு சிறு பகுதிக்குக்கூட ஆகாது.

தொழில் மூடிய பின்னும் கழிவு இருக்கும் என்பதற்கு இராணிப்பேட்டை சாட்சி. அங்கே குரோமிய இரசாயனங்கள் தயாரித்த ஆலை 1990களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு பல ஆண்டுகள் அங்கேயே கிடந்து, மழை தோறும் மண்ணிலும் நீரிலும் இறங்கியது. அது ஓர் ஆலை. பெயரும் முகவரியும் இருந்தன. இரவோடு இரவாக இடம் மாறக்கூடிய சிறு பட்டறைகள் பல விட்டுச்செல்வதை யார் கணக்கெடுப்பது? இறுதியில் அந்தச் செலவு அரசின் தலையில் விழுகிறது. அதாவது, நம் தலையில்.

தொட்டியருகே நிற்கும் தொழிலாளியையும் மறக்கக் கூடாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அபாயகரமான தொழில்கள் பட்டியலில் மின்முலாம் தொழிலும் உண்டு. ஆனால், மின்விசையால் இயங்கும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்று அச்சட்டம் வரையறுத்தது. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. அபாயத் தொழில்களுக்குத் தனியே ஆணையிட அரசுக்கு இடமிருந்தாலும், அப்படி ஆணையிட்டு ஆய்வாளரை அனுப்பும் வரை சிறு பட்டறையின் தொழிலாளி சட்டத்தின் ஓரத்திலேயே நிற்கிறார். பெரிய ஆலைக்குள் இதே தொட்டி இருந்தால், புகையை உறிஞ்சும் கருவியும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும் அவருக்கு உண்டு.

இந்த வாதத்துக்கு இரண்டு எதிர்வாதங்கள் உண்டு. இரண்டும் புறந்தள்ளத்தக்கவை அல்ல. பட்டறை ஒரு தனி நிறுவனம், அதன் உள் நடவடிக்கைகளை நாங்கள் எப்படிக் கண்காணிப்பது என்று பெரிய நிறுவனங்கள் கேட்கும். கேள்வி நியாயமாகவே ஒலிக்கிறது. ஆனால், தரம் என்று வந்தால் அவர்கள் இப்போதே கண்காணிக்கிறார்கள். வாகன நிறுவனங்கள் முலாம் வேலைக்கென சிக்யூஐ-11 என்றும், வண்ணப் பூச்சு வேலைக்கென சிக்யூஐ-12 என்றும் தனித்தனி மதிப்பீட்டு முறைகளையே பயன்படுத்துகின்றன. தொட்டியின் வெப்பநிலை, கரைசலின் செறிவு, சூடேற்றிய நேரம் என்று வரிவரியாகக் கேட்கிறார்கள். தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பவருக்கு, தொட்டியிலிருந்து வெளியேறுவது எங்கே போகிறது என்று பார்ப்பது மட்டும் எப்படி இயலாததாகும்?

இன்னும் வலுவான சான்று ஒன்று உண்டு. பழைய வாகனங்கள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறை, 2007 ஜூலை முதல் வாகன உறுப்புகளின் துருத்தடுப்புப் பூச்சுகளில் ஆறு இணைதிறன் குரோமியத்துக்குத் தடை விதித்தது. மின்னணுப் பொருள்களுக்கு அதற்கு ஓராண்டு முன்பே இத்தகைய கட்டுப்பாடு வந்தது. உலகெங்கும் வாகன நிறுவனங்கள் தங்கள் வரைபடங்களில் பூச்சுக் குறியீட்டை மாற்றின. துத்தநாக முலாமின் மேற்பூச்சில் மூன்று இணைதிறன் குரோமியம் இடம்பிடித்தது. நம் ஊர்ப் பட்டறைகளும், அந்த நிறுவனங்களுக்கு வேலை செய்தவை வரை, மாறிக்கொண்டன. பட்டறைக்குள் மாற்றம் கொண்டுவரும் ஆற்றல் வேலை கொடுப்பவரின் வரைபடத்தில் இருக்கிறது என்பதை அந்த அனுபவம் காட்டுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் என்னைக் கூடுதலாக யோசிக்க வைப்பது. பொறுப்பைப் பெரிய நிறுவனங்கள் மீது ஏற்றினால், அவை சிறு பட்டறைகளை விட்டுவிட்டுப் பெரிய பூச்சு ஆலைகள் ஓரிரண்டோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும். சிறியவர்களைக் காப்பதாகச் சொல்லி அவர்களையே ஒழித்துவிடுவோம் என்பது அது. இந்த ஆபத்து உண்மையானது. எனவே, பொறுப்புப் பகிர்வும் பொதுக் கட்டமைப்பும் ஒன்றாகவே வர வேண்டும். பட்டறைகளை ஒரே வளாகத்தில் கூட்டி, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தால், சிறியவரின் கழிவுச் செலவும் பெரியவருடையதைப்போல் இறங்கும். ஸ்டிக்லரின் வாதம் பூச்சுக்குப் பொருந்துவதுபோலவே கழிவுக்கும் பொருந்தும். குழுமங்களை வளர்ப்பதற்கான மத்திய, மாநில அரசுத் திட்டங்களும் ஏற்கெனவே உள்ளன.

பங்குச் சந்தை விதிகளும் இதில் கைகொடுக்கவில்லை. முதல் ஆயிரம் நிறுவனங்கள் தங்கள் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு குறித்து அறிக்கை தர வேண்டும் என்பதை 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியது. உற்பத்திச் சங்கிலியில் உள்ளவர்களைப் பற்றியும் முதல் 250 நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு பின்னர் தளர்த்தப்பட்டு, விருப்பத்துக்கு உரியதாக்கப்பட்டது. அதிலும், மொத்தக் கொள்முதலில் தனித்து 2 சதவீதமாவது பங்குள்ளவர்களே கணக்கில் வருவார்கள். மாபெரும் வாகன நிறுவனத்தின் கொள்முதலில் எந்த முலாம் பட்டறை 2 சதவீதத்தைத் தொடும்? நஞ்சை அளக்க வேண்டிய இடத்தில் ரூபாயை அளக்கிறது இந்த விதி.

என்ன செய்யலாம்? முதலாவதாக, பூச்சு வேலைக்கான கொள்முதல் ஆணையிலும் பில்லிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவைத் தனி வரியாகக் காட்டுவதைக் கட்டாயமாக்கலாம். அந்த வரியின் மீது பேரம் கூடாது. மோட்டாரின் விலையில் அதன் திருகாணிகளின் முலாம் கூலி மிகச் சிறிய பங்கு. அதில் சுத்திகரிப்புக்கெனச் சில காசுகள் கூடினால் வாங்குபவர் உணரவே மாட்டார். பட்டறைக்கோ அந்தச் சில காசுகள்தான் சுத்திகரிப்பு இயந்திரம் ஓடுமா, நிற்குமா என்பதை முடிவுசெய்கின்றன.

இரண்டாவதாக, கழிவுக்கான பொறுப்பைப் பூசப்பட்ட பொருளின் அளவுக்கேற்ப வேலை கொடுத்தவரும் பகிர வேண்டும். யாருடைய பொருள் எங்கே பூசப்பட்டது என்று கண்டுபிடிப்பது கடினம் என்பார்கள். கடினமே இல்லை. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய, திரும்பப் பெற்ற பொருள்களின் விவரத்தை ஐடிசி-04 என்ற படிவத்தில் நிறுவனங்கள் வரித்துறைக்குத் தந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த விவரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்க வழிசெய்தால் போதும். உரிமம் இல்லாத பட்டறைக்குப் பொருள் அனுப்பியவர் யார் என்பது ஒரு நாளில் தெரிந்துவிடும். நெகிழி, மின்னணுக் கழிவு, மின்கலம் ஆகியவற்றில் தயாரிப்பாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்ற கொள்கையை நாம் ஏற்றுவிட்டோம். பொருள் செத்த பின் பொறுப்பேற்பவர், அது உருவாகும்போது பொறுப்பேற்கத் தயங்குவதற்கு நியாயமில்லை.

மூன்றாவதாக, தாமதப் பணத்துக்கான வட்டியைப் பட்டறைக்காரர் கேட்டுப் பெற வேண்டிய நிலை மாற வேண்டும். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள், பில்களைத் தள்ளுபடி செய்து பணமாக்கும் ட்ரெட்ஸ் தளங்களில் சேர வேண்டும் என்பது இப்போது கட்டாயம். ஆனால், சேர்வது வேறு. பில்லை ஏற்றுக் கையொப்பமிடுவது வேறு. 45ஆம் நாளில் பில் தானாகவே ஏற்கப்பட்டதாகக் கருதப்பட்டு, வட்டியும் தானாகவே ஓடத் தொடங்கினால், கேட்டவருக்கு வேலை நிற்கும் என்ற அச்சத்துக்கு இடமிராது.

இவற்றுக்குக் கால அவகாசம் தரலாம், படிப்படியாகக் கொண்டுவரலாம், முதலில் ஆறு இணைதிறன் குரோமியம், காட்மியம், சயனைடு பயன்படும் வேலைகளில் மட்டும் தொடங்கலாம். நான் சொல்லும் வழியில் குறைகள் இருக்கலாம். அவற்றைத் தொழில் நடத்துவோர் சுட்டிக்காட்டட்டும். ஆனால், வேலை கொடுப்பவரின் பெயரை ஆவணத்தில் எழுதாத வரை, எத்தனை பட்டறைகளை மூடினாலும் அதே வேலை அடுத்த ஊரில் அதே கூலிக்கு நடக்கும் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தொழில்துறையும் உணர வேண்டும். புதிய முதலீடுகளுக்கு நிலமும் சலுகையும் தரும் ஒப்பந்தங்களில், தங்கள் பூச்சு வேலை எங்கே, எந்தச் சுத்திகரிப்பு வசதியோடு நடக்கும் என்று அந்நிறுவனங்கள் எழுதித் தர வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. மாநில அரசு நினைத்தால், அடுத்த ஒப்பந்தத்திலேயே அதைச் செய்துவிட முடியும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).